அண்ணன் சிரிக்கிற மாதிரி ஒரு படம்

ஜூலை 4, வியாழன்

அண்ணன் போய் இன்றைக்கு எட்டாம் நாள். காலையில் அவன் மகன் செழியன் போன் செய்தான்.

"அத்தை, அப்பாவுக்குப் படத்திறப்பு இருபத்தெட்டாந் தேதி. சங்கத்துக் கட்டடத்துல. படம் நீங்கதான் போடோணும்."

நாற்பது வருஷமாகப் படம் போடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் என்னை எக்ஸ்பிரஷனிஸ்ட், அதாவது கண்ணில் படுவதை விட்டு உணர்ச்சியைப் போடுகிறவள், என்று எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் நான் 'பேய்ப்படம் போடற அம்மா'. சொந்தக்காரர்களுக்கு அதுவும் கிடையாது, 'அல்லி ஏதோ கிறுக்கிட்டிருக்கா', அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோனது, எதற்காவது ஒருத்தர் என்னிடம் ஒரு படம் கேட்டதுண்டா? இப்போது ஆள் போன பிறகு கேட்கிறார்கள்.

"நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க அத்தை" என்றான். இல்லாமல் என்ன, நூறு இருக்கிறது. எல்லாவற்றிலும் அறவாழி மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். மில் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவனுக்கு வேறு எப்படிப் போட்டோ இருக்கும்? மிச்சம் இருப்பது ஆதார் கார்டு. அதைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறான்.

"அப்பா சிரிக்கிற மாதிரி போடுங்க."

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் வீட்டில் கருமாதி, திதி எதுவும் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே அப்படி. படத்தைத் திறந்துவைத்து நாலு பேர் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், முடிந்தது. முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை வருகிறதாம். வேலை நாள், ஆள் வராது என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். சாமி கும்பிடாத வீட்டில் இந்த ஒரு சௌகரியம் உண்டு.

ஜூலை 6, சனி

குழாயில் தண்ணீர் வருகிற நாள். ஒன்பது நாள் கழித்து வந்தது, அதுவும் ஒரு மணி நேரம். குடங்களை நிரப்பிவிட்டு கேன்வாஸ் அடித்தேன், மூன்றடிக்கு நாலடி. வெள்ளைப் பூச்சு காயவே மாட்டேனென்கிறது. இந்த ஆனிக்காற்றும் தூறலும் கோயமுத்தூருக்கு நல்லதாக இருக்கலாம், எனக்கு இல்லை.

பென்சிலால் முகம் போட்டுப் பார்த்தேன். சிரிப்பு எப்படி இருக்கும் என்று ஞாபகம் வரவில்லை. கூடப்பிறந்தவன். ஐம்பத்தெட்டு வருஷம்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் படம் முடிந்தது. பேங்க் மேனேஜர் மாதிரி வந்திருக்கிறான். லோன் கிடையாது என்று மரியாதையாகச் சொல்லிச் சிரிக்கிற பேங்க் மேனேஜர்.

சுரண்டிவிட்டேன்.

(எல்லோரும் அண்ணனை 'அவர்' என்கிறார்கள். எட்டு வயது மூத்தவன், நானும் நேரில் 'ங்க' போட்டுத்தான் பேசினேன், அதுவும் வருஷத்துக்கு நாலு வார்த்தை. என் நோட்டில் அவன் என்றுதான் எழுதுவேன்.)

ஜூலை 10, புதன்

இரண்டாவதும் பேங்க் மேனேஜர்.

ஜூலை 13, சனி

செழியனும் அவன் பெண்டாட்டி நிவேதாவும் வந்தார்கள், படம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க. கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்க வருகிற மாதிரி வந்து நின்றார்கள். சுரண்டின கேன்வாஸைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் சுருங்கிப் போயிற்று.

நிவேதா போனை நீட்டினாள். ஆதார் போட்டோவை ஏதோ ஆப்பில் போட்டு மாற்றியிருக்கிறாள். அண்ணன் ரோஜாப்பூ நிறத்தில் ஜொலிக்கிறான். தலைமுடி கருகரு. பல் முப்பத்திரண்டும் தெரிகிறது. அவனுக்குக் கடைவாய்ப் பல் நாலு இல்லை.

"சும்மா ஒரு ஐடியாவுக்குத்தான் அத்தை. இதைப் பார்த்து அப்படியே போட்டுட்டா உங்களுக்கும் ஈசி."

"அப்ப இதையே பிரிண்ட் எடுத்து வெச்சிக்கோயேன்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாவம், அந்தப் பெண் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டது.

கிளம்பும்போது செழியன் கேட்டான்: "ஏன் அத்தை, உங்களுக்கும் அப்பாவுக்கும் அப்படி என்னதான் நடந்துச்சு? அப்பாவும் சொன்னதில்ல, அம்மாவும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஒன்றும் நடக்கவில்லை என்றேன். உண்மைதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நூலக மாடியில் என் முதல் கண்காட்சி. பதினாறு படம். அண்ணன் வந்தான், சுற்றிப் பார்த்தான், ஒரு படத்தை மட்டும் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டுப் போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் என் வீட்டுப் படி ஏறவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஊரெல்லாம் மேடை போட்டுப் பெண் விடுதலை பேசுகிறவன், தங்கச்சி வரைந்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்க்க முடியாமல் வெட்கப்பட்டான். இதை எத்தனை பேட்டியில் சொல்லியிருக்கிறேன், பெயர் போடாமல்.

நான் அதையெல்லாம் மறந்து வருஷக்கணக்காகிறது.

ஜூலை 17, புதன்

காலையில் கேஸ் தீர்ந்தது. காப்பி இல்லை. அந்தக் கோபத்திலேயே பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாயத்தைக் கத்தியாலும் கையாலும் எடுத்து அப்பினேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

சிரிக்கவில்லை. ஐசியுவில் சேர்த்த இரண்டாம் நாள் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றினார்களே, அந்த முகம். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்கி, கழுத்து நரம்பு பச்சையாக. அவனுக்குப் பயம். போலீஸ் தடியடிக்கு நடுவில் நின்று பேசினவன், நர்ஸ் ஊசியோடு வந்தால் என் கையைப் பிடித்தான். என் கை என்று தெரிந்து பிடித்தானோ, யார் கையென்று நினைத்தானோ.

பத்து வருஷத்தில் நான் போட்டதில் இதுதான் நல்ல படம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைத்தான் கொடுக்கப் போகிறேன். சிரிக்கிற மாதிரி வேண்டுமென்றால் பல்பொடி விளம்பரத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

ஜூலை 20, சனி

தோழர் மருதாசலம் வந்தார். அண்ணனோடு மில்லில் இருந்தவர், படத்திறப்பு ஏற்பாடெல்லாம் அவர்தான். கதவைத் திறந்ததும் படத்துக்கு நேராக நின்றுவிட்டார். இரண்டு அடி பின்னால் வந்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"புரட்சிகரமாத்தானுங்க இருக்குது" என்றார்.

"புடிக்கலைன்னா நேரா சொல்லுங்க தோழர்."

"புடிக்கறது புடிக்காததுன்னு இல்லீங்க. கூட்டத்துக்கு அறுநூறு பேரு வருவாங்க. முன்னால அவரு சம்சாரம் உக்காந்திருப்பாங்க. இதைத் திறந்து வெச்சிட்டு நான் என்னத்தைங்க பேசறது?" அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "அந்தப் பழைய படத்தையும் நான் பார்த்தனுங்க. மில்லு பூரா அதே பேச்சு. அறவாழித் தோழர் ஒரு வாரம் ஷிப்டுக்கே வரல."

பழைய படம், பழைய படம்! முப்பது வருஷத்தில் இருநூறு படம் போட்டிருப்பேன். இந்த ஊருக்கு அந்த ஒன்று மட்டும்தான் தெரியும். அது யாரோ ஒரு பெண். பெயர் வைக்கவில்லை, 'வராந்தா' என்றுதான் தலைப்பு. உலகத்தில் எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். மூக்குத்தி மட்டும் அண்ணியுடையது.

சரி, மூக்கும்தான்.

ஆஸ்பத்திரி வராந்தா. அதற்கு மேல் எழுத இஷ்டமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மருதாசலம் சொல்லிவிட்டார் போல. செழியன் ஆறு தடவை போன். எடுக்கவில்லை. துணி துவைத்தேன், காயவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

அண்ணி வந்தாள்.

தனியாக, பஸ்ஸில், முன்னால் போன்கூடச் செய்யாமல். பவளக்கொடி அண்ணி என் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சாயக்கறை இல்லாத ஸ்டூலாகத் தேடி உட்கார்ந்தாள்.

"எங்க அது?"

துணியை எடுத்தேன். எத்தனையோ பெரிய ஆட்கள் முன்னால் படத்தைக் காட்டியிருக்கிறேன். இன்றைக்கு அந்தத் துணியை இரண்டு தடவை மடித்தேன், காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை.

"இது ரெண்டாம் நாளு" என்றாள்.

"ஆமாங்க அண்ணி."

"அன்னைக்கும் பையில நோட்டு வெச்சிருந்தியா?"

வைத்திருந்தேன். அவன் பிடித்த கையை விடுவித்துக்கொண்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து வரைந்தேன். அதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அதானே" என்றாள். பிறகு, "அந்த இன்னொண்ணு இருக்குதா?"

"எது?"

"எதுன்னா? என்னைப் போட்டது. ஊரே பார்த்துச்சு. மில்லுக்காரங்க பார்த்தாங்க, என்ற தங்கச்சி வீட்டுக்காரரு போய்ப் பார்த்துட்டு வந்து என்ற மூஞ்சியவே பார்க்க மாட்டேன்னுட்டாரு. நான் மட்டும் பார்க்கல. இருந்தா காட்டு."

பெங்களூர்க்காரர் ஒருத்தர் வாங்கிப் போய்விட்டார், எங்கே இருக்கிறதோ தெரியாது. பீரோவைக் கிளறி, அந்தக் கண்காட்சிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருக்கிறது. அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சிவப்பு வராந்தா. சுவரில் சாய்ந்து, மாராப்பு விலகினது தெரியாமல் ஒரு பெண். வாயைத் திறந்து, கையிரண்டையும் வெறுமையாக முன்னால் நீட்டிக்கொண்டு. அந்த வெறும் கைகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், முப்பது வருஷமாக.

"கொழந்தை எங்க?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"என்ற மடியில கொழந்தை இருந்துச்சே அல்லி. உசுரில்லாம பொறந்துச்சு, குடுக்கவே மாட்டேன்னு சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தேன். நர்ஸம்மா வந்து வந்து கேட்டுட்டுப் போனாங்க. நீ அந்தத் தூணுக்கிட்டத்தான் நின்னுட்டிருந்தே. எங்க அது?"

"இல்லீங்க அண்ணி, படத்துக்கு... கை வெறுமையா இருந்தாத்தான்..." என்று ஆரம்பித்தேன். காம்போசிஷன் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மேலே வரவில்லை.

"அவரு வீட்டுக்கு வந்து மூணு நாள் சோறு திங்கல. என்னன்னு கேட்டா, 'எம்புள்ளைய எடுத்துட்டாளே'ன்னு அதே ஒரு வார்த்தைதான். மானம் போச்சேன்னுதான் இப்படிப் பொலம்பறாருன்னு நெனச்சேன். இப்பத்தான எனக்கே தெரியுது." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். புதுப் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "இதுல என்னத்தையெல்லாம் எடுத்துட்ட?"

காப்பி போடட்டுமா என்று கேட்டேன். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று போய்விட்டாள்.

ஜூலை 24, புதன்

படம் என்பது போட்டோ இல்லை. எதை வைப்பது, எதை எடுப்பது என்பதுதான் வேலையே. எல்லாவற்றையும் வைத்தால் அது சந்தைக்கடை. இதை நான் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். மில்லில் வேலை பார்த்தவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் இது தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கக் கூடாது.

மேலே எழுதியதை இப்போது வாசித்தேன். சே.

ஐசியுவில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தாள். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் படத்தில் நெற்றி காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் மஞ்சள் அடித்திருக்கிறேன். நல்ல மஞ்சள்.

அண்ணன் என்னைப் பார்த்து வெட்கப்பட்டான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் திருப்பினாய் என்று அவனிடம் கேட்டிருக்கலாம். அவனும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மைக் இருந்தால்தான் பேசுவானா இந்த மனுஷன்? எனக்கு அழுகையாக வருகிறது, எரிச்சலாகவும் வருகிறது. எது முன்னால் வருகிறதென்று தெரியவில்லை.

ஜூலை 25, வியாழன்

பரண் மேல் ஏறினேன். இந்த வயதில் ஏறக்கூடாதுதான். கரப்பான் தின்றது போக மிச்சமிருந்த நோட்டுகளில், அந்த வருஷத்து நோட்டு கிடைத்தது.

குழந்தை இருக்கிறது. மூன்று பக்கத்தில் இருக்கிறது. இரண்டில் வெறும் துணி மூட்டைதான். மூன்றாவதில் துணி விலகி, கன்னமும் மூக்கும் தலைமுடியும். கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்து வரைந்தால்தான் அப்படி வரும். எனக்குத் தூணுக்குப் பக்கத்தில் நின்றதுதான் ஞாபகம். கிட்டேயும் போயிருக்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் இது என் பரணில் கிடந்திருக்கிறது. அவர்களிடம் ஒரு போட்டோகூட இருக்காது. அந்தக் காலத்தில், அந்த ஆஸ்பத்திரியில், செத்துப் பிறந்த குழந்தையை யார் போட்டோ எடுத்தார்கள்?

ஜூலை 26, வெள்ளி

இதுதான் கணக்குப்படி முப்பதாம் நாள். அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தை வெக்கட்டுங்களா?"

போனில் குக்கர் விசில் கேட்டது.

"என்கிட்டயா கேக்கற?"

"உங்ககிட்டத்தானுங்க."

"வேண்டாம் அல்லி. அவரு அப்படிப் பயந்தது எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதும். அறுநூறு பேருக்கு எதுக்கு?"

சரிங்க அண்ணி என்றேன். போனை வைத்த பிறகு கோபம் கோபமாக வந்தது. பத்து வருஷத்தில் என் நல்ல படம். சமையலறையில் போய் ஒரு தம்ளரை ணங்கென்று வைத்தேன், விளிம்பு நெளிந்துவிட்டது. ஆனாலும் சரி என்றால் சரிதான். செழியனைக் கூப்பிட்டு, நிவேதாவின் போனில் இருப்பதையே பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். பையனுக்கு நிம்மதி தாங்கவில்லை, என்னிடமே மறைக்காமல் "தேங்க்ஸ் அத்தை" என்றான்.

ஜூலை 28, ஞாயிறு

படத்திறப்பு முடிந்தது. எட்டடி ஃபிளெக்ஸ். ரோஜாப்பூ நிறத்தில் முப்பத்திரண்டு பல்லோடு அண்ணன் அறுநூறு பேரைப் பார்த்துச் சிரித்தான். பதினோரு பேர் பேசினார்கள். மைக் நாலு தடவை கீச்சென்றது. "உயிரோட பார்க்கற மாதிரியே இருக்குது" என்று என் பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி முன்வரிசையில் இருந்தாள். அந்த ஃபிளெக்ஸை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அதை நான் கவனித்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

அண்ணி வீட்டுக்குப் போனேன். செழியனும் நிவேதாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன், மூன்றும் போய்விட்டது.

"அண்ணி, அன்னைக்கு வரைஞ்ச நோட்டு கெடச்சுது. அதுல கொழந்தை இருக்கு. பாக்கறீங்களா? வேண்டாம்னா சொல்லுங்க, அப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்."

அண்ணியின் கை நின்றுவிட்டது. முறத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவையில் துடைக்காமல் துண்டைத் தேடி எடுத்துத் துடைத்துவிட்டு வந்தாள்.

"குடு."

முதல் இரண்டு பக்கத்தையும் சீக்கிரம் திருப்பிவிட்டாள். மூன்றாவதில் நின்றாள். விரலைக் காகிதத்தில் படாமல், மேலேயே கொண்டுபோனாள், தலைமுடியிலிருந்து கன்னம் வரைக்கும்.

"மூக்கு அவருது" என்றாள். "நான் மறந்தே போயிட்டேன். மூக்கு அவருதுதான்."

அப்புறம் அழுதாள். நன்றாக, சத்தமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. என் பை பக்கத்திலேயே இருந்தது, உள்ளே பென்சிலும் இருந்தது. நான் அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை, சரியாகத் தடவினேனா என்றுகூடத் தெரியாது.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். அந்தப் பக்கத்தை மட்டும் கத்திரியால் ஓரமாக நறுக்கிக் கொடுத்தேன். தலையணைக்கடியில் வைப்பதா, பீரோவிலா என்று ரொம்ப யோசித்துவிட்டு, கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பேர் வெச்சிருந்தீங்களா அண்ணி?"

"வெக்காம? எட்டாம் மாசமே வெச்சாச்சு. அவருதான் தேடித் தேடி வெச்சாரு, பொண்ணுன்னா இதுதான்னு." கண்ணாடியைத் துடைத்தாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தரு கேக்கல பாரு. நீதான் கேக்கற."

பேரைச் சொன்னாள். நல்ல பேர். இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அண்ணியிடம் இன்னும் கேட்கவில்லை.